ஆள்சேர்ப்பும் ஆளாக்குதலும்

பங்குகளில் ஆண்டறிக்கை வாசிக்கப்படும் நாள்களில் ஒரு வழக்கத்தை நாம் தொடர்ந்து கண்டு வருகிறோம். பக்தசபையின் செயலர் எழுந்து, சென்ற ஆண்டு இத்தனை உறுப்பினர், இவ்வாண்டு இத்தனை உறுப்பினர் என்று வாசிக்கிறார். இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் அவை கைதட்டுகிறது. சிறிதாக இருந்தால் ஓர் இறுக்கமான அமைதி நிலவுகிறது. செயலர் தலையைத் தாழ்த்தியபடியே அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார். அவ்வாண்டில் எத்தனை நோயாளிகள் சந்திக்கப்பட்டனர், எந்த வீட்டில் அணைந்த அடுப்பு மீண்டும் எரிந்தது, பிரிந்து வாழ்ந்த எந்தக் குடும்பம் ஒன்றுசேர்ந்தது என்ற பகுதி வரும்போது, அவையில் பாதிப்பேர் தேநீரின் நினைவில் ஆழ்ந்துவிடுகின்றனர்.

அந்தக் கைதட்டலும் அந்த அமைதியும் நம் சபைகளுக்கு நாமே இழைத்துக்கொள்ளும் தீங்குகள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நாம் நன்கு அறிந்த ஒரு பங்கில் நிகழ்ந்ததைச் சொல்கிறோம். பங்கின் பெயர் வேண்டியதில்லை. படிப்போர் பலருக்கு அது தம் பங்கே என்று தோன்றவும் கூடும். செபமாலை மாதத்து ஞாயிறு ஒன்றில் திருப்பலி முடிந்ததும் கோவில் வாயிலில் மேசை போடப்பட்டது. இன்றே இணைவீர் என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். பங்குத்தந்தை மறையுரையிலேயே வேண்டுகோள் விடுத்திருந்தார். மேசைக்கு அப்பால் நிற்பவரோ பங்கின் மூத்தவர், பேனாவை நீட்டுகிறார். மறுத்துச் செல்ல யாருக்கு மனம் வரும்? ஒரே காலையில் எழுபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் சேர்ந்தன. அடுத்த வாரக் கூட்டத்திற்கு வந்தோர் முப்பதுக்கும் குறைவு. வந்தவர்களை என்ன செய்வதென்று பழைய உறுப்பினர் ஒன்பது பேருக்கும் தெரியவில்லை. செபம் சொல்லப்பட்டது, ஒழுங்குநூல் வாசிக்கப்பட்டது, தேநீர் வழங்கப்பட்டது. யாரும் யாரோடும் எந்த வீட்டுக்கும் அனுப்பப்படவில்லை. திருவருகைக் காலம் பிறப்பதற்கு முன்னரே புதியவருள் எஞ்சியவர் நால்வர். ஆயினும் பதிவேட்டில் அத்தனை பெயர்களும் இருந்தன. மறைமாவட்ட மாநாட்டில் அந்தக் கிளைக்குப் பாராட்டும் கிடைத்தது.

அந்த மேசைக்குப் பின்னால் நாமும் நின்றிருந்தோம். எனவே இங்கே எழுப்பப்படும் குற்றச்சாட்டு எழுதுகிற கையையும் சேர்த்தே.

எண்ணிக்கை வேண்டுவோர்

நம் சபைகளில் இன்று இரு தரப்பார் உண்டு. ஒரு தரப்பார், எப்படியாவது ஆள் சேருங்கள் என்கின்றனர். மறு தரப்பார், தகுதியானவரை மட்டும் சேருங்கள், சிலரே போதும் என்கின்றனர். வின்சென்ட் தே பவுல் சபையாயினும், மரியாயின் சேனையாயினும், பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையாயினும், இளையோர் இயக்கமாயினும் இந்த வழக்கு ஓயாமல் நடக்கிறது. இரு தரப்பாரும் தவறான இடத்தில் நின்று வழக்காடுகின்றனர் என்பதே நம் கருத்து.

முதல் தரப்பாரின் அச்சம் பொய்யானதன்று, அதை மதிக்கிறோம். பழைய உறுப்பினர்களுக்கு முதுமை வந்துவிட்டது. முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி நோயாளியைப் பார்க்கச் செல்லும் பெரியவர்களை நாம் அறிவோம். பிள்ளைகள் பிழைப்புக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் சென்றுவிட்டனர். இன்னும் பத்தாண்டில் இந்தச் சபையின் விளக்கை ஏற்றுவார் யார் என்று கேட்பவரை நாம் எள்ளி நகையாட முடியாது.

ஆனால், அந்த அச்சத்திற்கு அவர்கள் தேடும் மருந்து நோயையே வளர்க்கிறது. சபைக்கு வரும் புதியவர் அதன் ஒழுங்குநூலைப் படித்து அதன் வாழ்வைக் கற்றுக்கொள்வதில்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார். ஏழையின் குடிசையில் எங்கே அமர்வது, எப்போது பேசாமல் இருப்பது, கொடுத்த உதவியை அடுத்த தெருவில் சொல்லாமல் எப்படிக் காப்பது, குடிகாரக் கணவனைக் கண்டு மிரளாமல் அவனுக்கும் வணக்கம் சொல்வது எப்படி என்பனவெல்லாம் புத்தகத்தில் இல்லை. அவை மூத்த உறுப்பினர் ஒருவரின் நடையில் இருக்கின்றன. ஒன்பது மூத்தவருக்கு எழுபது புதியவர் என்றால், புதியவர் புதியவரையே பார்த்துக் கற்பர். அவர்கள் கற்பது கூட்டத்தில் அமர்ந்து எழுவதும், திருவிழாவில் சீருடையோடு நடப்பதும், குழுப்படம் எடுத்துக்கொள்வதும்தான். இரண்டு ஆண்டில் அதுவே சபையின் வழக்கமாகிவிடும். பிறகு உண்மையான தாகத்தோடு வரும் ஓர் இளைஞன், இங்கே நமக்கு வேலையில்லை என்று கண்டுகொண்டு திரும்பிப் போய்விடுவான்.

இப்போது வாட்ஸ்அப் குழுக்களும் வந்துவிட்டன. குழுவில் பெயர் இருப்பதே உறுப்பினராயிருப்பது என்ற எண்ணம் பரவி வருகிறது. காலையில் நற்செய்தி வசனம் அனுப்புகிறோம். மாலையில் கைகூப்பிய படம் வருகிறது. இடைப்பட்ட பகற்பொழுதில் அரசு மருத்துவமனையின் பொதுவார்டில் துணைக்கு ஆளின்றிக் கிடக்கும் நம் பங்கின் மூதாட்டியை அந்தக் குழுவில் யாரும் அறியார்.

தகுதி பேசுவோர்

இனி மறு தரப்பாரிடம் வருவோம். அவர்கள் பேச்சு கேட்க உயர்வாகத்தான் இருக்கிறது: சபையின் மாண்பு கெடக்கூடாது, ஆர்வமும் ஒழுக்கமும் உள்ளவரையே சேர்க்க வேண்டும். யார் மறுப்பார்? ஆனால் தகுதியை யார், எந்த அளவுகோலால், எந்த நேரத்தில் அளக்கிறார்கள் என்று கேட்டால்தான் உள்ளிருப்பது வெளிவருகிறது.

கொத்தனார் ஒருவரை நாம் அறிவோம். சனிக்கிழமை கூலி வாங்கியதும், தம் தெருவில் படுக்கையில் கிடந்த ஒருவரைத் தோளில் சாய்த்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார். யாரும் அவரை அனுப்பவில்லை. சபை ஒன்றில் சேர விரும்பி அவர் வந்தபோது அவரிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இரண்டு. கூட்டக் குறிப்பு எழுத வருமா? எந்தத் தெரு? முதற் கேள்விக்கு அவர் வராது என்றார். இரண்டாம் கேள்விக்கு அவர் சொன்ன பதிலோடு பேச்சு முடிந்தது. பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். அவரிடம் ஒன்றும் சொல்லப்படவே இல்லை.

எந்தத் தெரு என்ற கேள்வியின் பொருளைத் தமிழ்க் கத்தோலிக்கருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே கோவிலில் தனித்தனி இருக்கை, தனித்தனிக் கல்லறை என்று பிரித்து வைத்த வரலாறு நம்முடையது. 2003 நவம்பரில், தமிழகத்து ஆயர்கள் உரோமைக்குச் சென்றிருந்தபோது, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சாதி அடிப்படையிலான வேற்றுமை கிறிஸ்தவரிடையே நிலவுவதை வெளிப்படையாகக் கண்டித்தார். கண்டனத்துக்குப் பிறகு சாதி தன் பெயரை மாற்றிக்கொண்டது. இன்று அது பல இடங்களில் தகுதி என்ற பெயரில் சபைக் கூட்டத்தின் வாயிலில் அமர்ந்திருக்கிறது. படிப்பு, பழகும் முறை, குடும்பப் பின்னணி என்று அது பேசும் சொற்கள் யாவும் நாகரிகமானவை.

தகுதி பேசுவோர் எப்போதும் துணைக்கு அழைப்பது கிதியோனை. நீதித்தலைவர்கள் நூலில் அவனிடம் 32,000 பேர் இருந்தனர். முடிவில் 300 பேரைக் கொண்டே மிதியானியரை வென்றான். ஆகவே சிலரே போதும் என்கின்றனர். அந்த வரலாற்றை அவர்கள் முழுமையாக வாசிக்க வேண்டுகிறோம். முதலில் விலகிய 22,000 பேரை யாரும் தகுதியற்றவர் என்று தள்ளவில்லை. அச்சமுள்ளவர் திரும்பலாம் என்று அறிவிக்கப்பட்டது, அவர்களே திரும்பினார்கள். எஞ்சிய 10,000 பேரிடமும் குலம் கேட்கப்படவில்லை, செல்வம் கேட்கப்படவில்லை. நீரருகே அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே பார்க்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணிக்கை ஏன் குறைக்கப்பட்டது? தம் கையாலேயே வென்றோம் என்று இஸ்ரயேலர் பெருமை கொள்ளாதிருக்க வேண்டும் என்பதற்காக. நம் நண்பர்களோ சிலராக இருப்பதையே பெருமையாகக் கொள்கின்றனர். கிதியோனின் பெயரைச் சொல்லி, கிதியோனுக்கு எதற்காக அது கட்டளையிடப்பட்டதோ அதற்கு நேர்மாறானதைச் செய்கின்றனர்.

பாரிசு மாணவர்கள் கண்ட வழி

இந்த வழக்கு புதிதன்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாரிசு மாநகரில் மாணவர் சிலர் இதே வழக்கை நடத்தினர். அதிலிருந்து நமக்கு நல்ல தீர்ப்பும் விட்டுச் சென்றனர்.

பிரெடெரிக் ஓசானாம் அப்போது சட்டம் பயின்ற இளைஞர். மாணவர்கள் கூடி வரலாறும் மெய்யியலும் வாதிட்ட மன்றத்தில் ஒருநாள் எதிர்த்தரப்பார், உங்கள் சமயத்தின் பழம்பெருமை இருக்கட்டும், இன்று ஏழைகளுக்கு நீங்கள் செய்வது என்ன என்று கேட்டனர். அந்தக் கேள்வி அவரைத் தைத்தது. 1833 ஏப்ரல் 23 அன்று, அவருடைய இருபதாம் பிறந்த நாளில், மாணவர் அறுவரும் அவர்களுக்கு மூத்தவரான எம்மானுவேல் பையி என்பவரும் ஒன்றுகூடினர். வின்சென்ட் தே பவுல் சபையின் முதற் கூட்டம் அதுவே. ஏழைகளின் வீடு எங்கே இருக்கிறது என்பதுகூட அவ்விளைஞர்களுக்குத் தெரியாது. பிறரன்புப் புதல்வியர் சபையைச் சேர்ந்த அருள்சகோதரி ரோசலி ரெந்து, மூஃப்தார் குடியிருப்பின் சந்துகளைத் தம் உள்ளங்கை போல் அறிந்தவர். அவரே அவர்களுக்கு வீடுகளைக் காட்டினார், எப்படிப் போக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்.

விரைவிலேயே புதிதாக ஒரு மாணவர் சேர விரும்பினார். அப்போதே சிலர் தயங்கினர். இந்த நெருக்கமான நட்பு கலைந்துவிடுமே என்று அஞ்சினர். ஆயினும் அவரைச் சேர்த்துக்கொண்டனர். அவரைத் தொடர்ந்து பலர் வந்தனர். 1834 இறுதிக்குள் உறுப்பினர் ஏறத்தாழ நூறு பேர் ஆகிவிட்டனர். ஓர் அறையில் நூறு பேர் அமர்ந்தால் யார் எந்தக் குடும்பத்தைப் பார்த்தார் என்று ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பது எப்படி நடக்கும்? அந்த டிசம்பரில் ஓசானாம் எழுந்து, சபையைப் பிரிப்போம் என்றார். பெரும் எதிர்ப்பு எழுந்தது; நட்பைப் பிரிப்பதா என்று மனம் வெதும்பியோர் பலர். காரசாரமான வாதங்களுக்குப் பின் 1835 தொடக்கத்தில் அது பிரிக்கப்பட்டது. இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் அந்தச் சபை இருப்பதற்கு அன்று அவர்கள் பிரிய இசைந்ததும் ஒரு காரணம்.

இதை நம் இரு தரப்பாரும் உற்று நோக்க வேண்டும். கதவைச் சாத்துவோம் என்றவர் பேச்சை ஓசானாம் ஏற்கவில்லை. நூறு பேர் இருக்கிறோம் என்று மகிழ்ந்து ஒரே அறையில் அமர்ந்திருக்கவும் அவர் இசையவில்லை. வருவோர் வரட்டும், ஆனால் ஒருவரை ஒருவர் அறியும் அளவிலேயே கூடுவோம் என்றார்.

டப்ளினில் 1921 செப்டம்பர் 7 அன்று பிராங்க் டஃப் தொடங்கிய மரியாயின் சேனையும் இதையே கற்பிக்கிறது. டஃப் வின்சென்ட் தே பவுல் சபையின் உறுப்பினர்; அந்நாளில் அச்சபை ஆண்களுக்கு உரியதாயிருந்தது. முதற் கூட்டத்திற்கு வந்தோரோ பெரும்பாலும் இளம்பெண்கள். தகுதி பார்த்துச் சேர்ப்போர் அன்று இருந்திருந்தால் அவர்களுள் எத்தனை பேரைச் சேர்த்திருப்பார்களோ! அவர்கள் உடனே மருத்துவமனையில் கைவிடப்பட்ட நோயாளிகளைச் சந்திக்கச் சென்றார்கள், இருவர் இருவராக. சேனையில் புதியவருக்குக் குறைந்தது மூன்று மாதத் தகுதிகாண் காலம் உண்டு. அந்த மூன்று மாதமும் அவர் வேலை செய்கிறார், வாராவாரம் அதைக் கூட்டத்தில் சொல்கிறார்; அதன் பிறகே வாக்குறுதி அளிக்கிறார். பிரான்சிஸ்கன் மூன்றாம் சபைக்கு 1978-இல் ஆறாம் பவுல் இசைவளித்த ஒழுங்கிலும் குறைந்தது ஓராண்டுப் பயிற்சிக் காலம் உண்டு. நம் பங்குகளில் இவை பெரும்பாலும் தாளில் மட்டுமே இருக்கின்றன. மேசையில் பெயர் எழுதிய மறுமாதமே வாக்குறுதி எடுக்கவைத்த கிளைகளை நாம் பார்த்திருக்கிறோம். மாநாடு நெருங்கியதே காரணம்.

எது அளவு?

அப்படியானால் எத்தனை பேரைச் சேர்ப்பது? நம் விடை எளியது. எத்தனை மூத்த உறுப்பினர் ஒரு புதியவரைத் தம்மோடு அழைத்துக்கொண்டு நடக்க ஆயத்தமாயிருக்கின்றனரோ, அத்தனை பேரைச் சேருங்கள். ஒன்பது பேர் ஆயத்தமா? ஒன்பது பேர் வரட்டும். மூவரே ஆயத்தமா? மூவர் போதும், மற்றவர்களிடம் அடுத்த தவக்காலம் வரை பொறுத்திருக்க அன்போடு சொல்லுங்கள். வாயில் எவருக்கும் சாத்தப்படவில்லை. ஆனால் உள்ளே வருபவர் கையைப் பிடிக்க ஒரு கை இருக்கிறது என்று உறுதியான பிறகே அவர் அழைக்கப்படுகிறார்.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த ஒழுங்கன்று. திருமுழுக்குக்கு ஞானப்பெற்றோர் வேண்டும் என்று திருச்சபை கேட்பது எதற்காக? இப்போலித்துவின் பெயரால் வழங்கும் 'திருத்தூதர் மரபு' என்னும் மிகப் பழைய நூலில், திருமுழுக்கு நாடுவோர் மூன்றாண்டு கேட்டுக் கற்க வேண்டும் என்று காண்கிறோம். ஆயினும் ஆர்வத்தோடு முன்னேறுபவருக்குக் காலத்தைப் பாராமல் நடத்தையையே பார்க்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்கப்பட வேண்டியவை எவை தெரியுமா? கைம்பெண்களை மதித்தார்களா, நோயாளிகளைச் சந்தித்தார்களா என்பன. அதற்குச் சான்று சொல்ல வேண்டியவர் அவர்களை அழைத்து வந்தவர். அந்த அளவுகோலால் அளந்திருந்தால் நம் கொத்தனார் முதல் நாளிலேயே தேறியிருப்பார். பதிவேட்டின் எழுபது பேரும், அவர்களை அழைத்த ஒன்பது பேரும், நாமும், விடை சொல்ல முடியாமல் நின்றிருப்போம்.

ஆகவே தகுதி என்பது வாயிலில் கண்டெடுக்கும் பொருளன்று. உள்ளே, வேலையில், துணையோடு விளைவது. அது விளைகிறதா என்று அறியத்தான் தகுதிகாண் காலம். அக்காலத்தில் புதியவர் சபையைச் சோதிக்கிறார் என்பதையும் மறவாதிருப்போம். மூன்று மாதத்திற்குப் பின் இது என் அழைப்பன்று என்று ஒருவர் சொன்னால், அவரை ஓடிப்போனவராகப் பேசாமல் நன்றி சொல்லி அனுப்புவோம். கிதியோனின் படையில் திரும்பிச் சென்றவருக்குக் கிடைத்த அந்த உரிமை நம் பங்கில் உள்ளவருக்கும் கிடைக்கட்டும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று அறிவோம். இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்த்தால் சபை அழிந்துவிடாதா என்பர். கணக்கையே பார்ப்போம். ஒன்பது பேர் ஆளுக்கொருவரை ஓராண்டு உடன் அழைத்து நடந்தால், பாதிப்பேர் விலகினாலும் ஆண்டு முடிவில் பதின்மூவர் இருப்பர். அந்தப் பதின்மூவரும் வீடு அறிந்தவர், வேலை அறிந்தவர். எழுபது பெயரில் எஞ்சிய நால்வரும் அதே பதின்மூன்றைத்தான் தந்தனர். ஆனால் அந்த நால்வர் ஒன்றும் கற்றிருக்கவில்லை, விலகிப்போன மற்றவர்களோ நம்மைப் பற்றிய கசப்போடு போனார்கள். மேலும், எந்தச் சபையும் எந்நாளும் இருந்தே தீர வேண்டும் என்று திருச்சபை சொல்லவில்லை. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினர் திருத்தூதுப்பணி பற்றி வெளியிட்ட ஏடு, போதிய காரணமின்றிப் புதிய அமைப்புகளைத் தொடங்குவதும், பயன் தீர்ந்த பழையவற்றைக் கட்டிக் காப்பதும் ஆற்றலைச் சிதறடிக்கும் என்று எச்சரித்துள்ளது. தன் பணியை முடித்த சபை நன்றியோடு விடைபெறலாம். பிணத்திற்குச் சீருடை அணிவித்துத் தேருக்கு முன் நடக்கவைப்பதே தகாதது.

நம்மை உண்மையில் நெருக்கும் மறுப்பு வேறொன்று. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. புதியவர் ஒருவரை உடன் அழைத்து நடக்க எனக்கு நேரமில்லை என்பதே அது. எண்ணிக்கை பேசுவோரும் தகுதி பேசுவோரும் ஒன்றுபடும் இடம் இதுதான். ஒருவர் மேசை போட்டு எழுபது பேரைச் சேர்த்துத் தம் கடமை முடிந்தது என்கிறார். மற்றவர் ஏற்கெனவே ஆளானவர் வரட்டும் என்று காத்திருக்கிறார். ஆளாக்கும் சுமையை இருவரும் தோளில் ஏற்கவில்லை.

பங்குத்தந்தையரையும் மறைமாவட்டப் பொறுப்பாளர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். வரும் ஆண்டறிக்கையில் உறுப்பினர் எத்தனை பேர் என்ற கேள்வியை முதலில் கேளாதீர்கள். இவ்வாண்டு எத்தனை புதியவர் யாரோடு நடந்தனர், எத்தனை வீடுகளுக்குச் சென்றனர் என்று கேளுங்கள். பங்கின் எந்தத் தெருவிலிருந்து இதுவரை ஒருவரும் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேளுங்கள். பாராட்டுக் கேடயத்தை அந்த விடைகளைப் பார்த்துக் கொடுங்கள். அல்லது கேடயமே வேண்டாம்.

அந்த எழுபது பேரில் எஞ்சிய நால்வருள் ஒருவர் தையல் வேலை செய்யும் இளம்பெண். அவர் இன்றும் சபையில் இருக்கிறார்; இப்போது அவரே இரண்டு பேரை உடன் அழைத்துச் செல்கிறார். மற்றவரெல்லாம் போனபோது நீ மட்டும் எப்படி அம்மா நின்றாய் என்று நாம் ஒருமுறை கேட்டோம். முதற் கூட்டத்தில் யாரும் என்னோடு பேசவில்லை, இனி வரவேண்டாம் என்றுதான் நினைத்தேன் என்றார். அந்தச் சனிக்கிழமை மாலையில் சபையின் மூத்த பாட்டி ஒருவர் தையற்கடை வாசலில் வந்து நின்றாராம். பக்கத்துத் தெருவில் ஒருத்திக்குப் பிரசவமாகி மூன்று நாளாகிறது, பார்க்க யாருமில்லை, எனக்குத் தனியே போக முடியவில்லை, நீ வருகிறாயா என்று கேட்டாராம்.

பாட்டி இப்போது இல்லை. அவர் பெயர் எந்த மாநாட்டு மேடையிலும் வாசிக்கப்பட்டதாக நமக்கு நினைவில்லை. வரும் செபமாலை மாதத்தில் கோவில் வாயிலில் மேசை போடுமுன், அதன் பின்னால் நிற்கப்போகிற நாம் ஒவ்வொருவரும் எந்தக் கடை வாசலுக்குப் போகப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொள்வோம்.